மாமன் மடி

அரியலூர்
2.12.2024

அன்பு மகன் ராஜராஜனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நீ என் போனை எடுப்பதில்லை. பதினொரு முறை அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது முறை அடிப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

வினோதினியின் பையன் அறிவரசனுக்குத் தை மாதத்தோடு மூன்று வயது முடிகிறது. அதற்குள் காது குத்த வேண்டும். மாப்பிள்ளை அசோக் வீட்டுக் குலதெய்வம் உடையார்பாளையம் பக்கத்து அய்யனார் என்பது உனக்குத் தெரியும். அங்கே தை ஆறாம் தேதி, ஜனவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள் நேரம் குறித்திருக்கிறார்கள். பொங்கல் செவ்வாய்க்கிழமை வருவதால் எல்லோரும் வெள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஞாயிறு வரை இருப்பதாகச் சொல்கிறார்கள். பெங்களூரிலிருந்து வினோதினி, அசோக், அவர் அப்பா அம்மா, அவர் தம்பி குடும்பம், உன் சித்தப்பா வீட்டார், கலியம்மாள் அத்தை என்று இருபத்து மூன்று பேர் நம் வீட்டில் தங்குகிறார்கள். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் ஒரு விசேஷமும் நடக்கவில்லை.

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. நீ ஒருவன் இருக்கும்போது அவன் வேறு மடியில் உட்காரக் கூடாது. இன்று அந்த இடத்தில் எவன் உட்காருகிறானோ அவன்தான் நாளைக்குப் பையனின் கல்யாணப் பந்தலிலும் மாமனாக வந்து நிற்பான். அப்புறம் உன் தங்கைக்குக் கூடப்பிறந்த அண்ணன் இருந்தும் இல்லாத கணக்குதான்.

பழைய மனத்தாங்கலைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் பதில் வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. மின்கம்பத்தில் நீயே ஏறாதே. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

உன் அம்மா,
சம்பூர்ணம் அய்யம்பெருமாள்


பெரம்பலூர்
10.12.2024

மரியாதைக்குரிய அத்தைக்கு,

பரிமளா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். மடித்து ஆபீஸ் டைரிக்குள் வைத்துக்கொண்டார். பதினைந்தாம் தேதிக்குள் பதில் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் நான் எழுதுகிறேன். பொங்கலன்று அவருக்கு டூட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. போய்வாருங்கள் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பையனை மாமாவின் துக்கத்தன்று தூரத்திலிருந்து பார்த்ததுதான். அவர் போனில் அவன் மணலில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மருமகள்,
பரிமளா


அரியலூர்
16.12.2024

பரிமளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருவரும் சௌக்கியம் என்று அறிந்தேன். ஒத்தடம் கொடுக்கிறேன். பலன் இல்லை.

மகனுக்கு எழுதினால் மருமகள் பதில் எழுதுவது எங்கள் வீட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதினாயே, அதுவே பெரிது. உன் கையெழுத்து முன்னைக்கு எவ்வளவோ தேவலை. கல்யாணமான புதிதில் நீ எழுதியதைத் திருத்தித் திருப்பி அனுப்பினேன் என்று என்மேல் இன்னும் வருத்தம் இருக்கலாம். திருச்சிப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். வருகிறானா, இல்லையா? பூசாரிக்கும் காது குத்தும் பத்தருக்கும் சொல்லியாக வேண்டும். உன் கொழுந்தன் கலைச்செல்வன் போன வாரம் வந்தான். கிரஷர் ஜல்லி லாரி ஓட்டிப் பணம் சேர்ந்ததிலிருந்து அவனுக்குச் சபையில் உட்கார ஆசை. "அண்ணன் வரலன்னா என்ன பெரிம்மா, நான் இல்ல? பட்டு வேட்டிகூட எடுத்துட்டேன்" என்றான். சித்தப்பா மகன் என்றாலும் அவனும் வினோதினிக்கு அண்ணன் முறைதான். மறுக்க எனக்கு நியாயம் இல்லை. அவனை அந்த இடத்தில் பார்க்க மனமும் இல்லை.

உன் புருஷனிடம் இதைச் சொல். உன் அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல். அவருடைய வெங்காயம் இந்த வருஷம் விலை போனதா?

சம்பூர்ணம்


பெரம்பலூர்
28.12.2024

மரியாதைக்குரிய அத்தைக்கு வணக்கம்.

இங்கே பனி அதிகம். உங்களுக்கு மார்ச்சளி வரும் காலம் என்பதால் விடியற்காலையில் குளிக்க வேண்டாம். அப்பா நலம். வெங்காயம் அழுகல் நோயில் பாதி போய்விட்டது.

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "ரெண்டு பேரும் வாங்கன்னு எங்கம்மா ஒரே ஒரு வரி எழுதட்டும். அன்னிக்கே போறேன். மாமன் மட்டும் வேணும், மாமி வேணாம்னா நான் எதுக்கு?"

இதை அவர் மூன்று வருஷமாக மனதில் வைத்திருக்கிறார். வினோதினியின் வளைகாப்பில் நானும் வரிசையில் நின்றேன். கையில் ஆறு கண்ணாடி வளையல் இருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் போட்டுவிட்டு நகர்ந்ததும், "நீ வேண்டாம் பரிமளா, புள்ள பெத்தவங்க போடட்டும், தள்ளி நில்லு" என்றீர்கள். அன்றைக்கு வீட்டில் அறுபது பேர் இருந்தார்கள். நீங்கள் மெதுவாகத்தான் சொன்னீர்கள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவர் பந்தியிலிருந்து எழுந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

சண்டைக்காக இதை எழுதவில்லை. அந்த ஒரு வரிக்காகப் பையனின் காரியம் தடைப்பட வேண்டாம் என்பதற்காகத்தான். அவர் மட்டும் வரட்டும். எனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி வீட்டில் இருந்துகொள்கிறேன். உங்களுக்கும் சங்கடம் இருக்காது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று எழுதுங்கள்.

பரிமளா


அரியலூர்
4.1.2025

பரிமளாவுக்கு,

ஆங்கிலப் புது வருஷம் உங்களுக்கு நன்றாக இருக்கட்டும். மார்ச்சளி லேசாக இருக்கிறது. துளசியும் மிளகும் போட்டுக் குடிக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். அன்று நான் சொன்னது வழக்கம். என் சொந்தத் தங்கை அந்த இடத்தில் நின்றிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். இன்று எனக்கும் பொட்டில்லை. விளக்கேற்றும்போது நானாகவே பின்னால் போய் நின்றுகொள்கிறேன். அதற்காக நான் மூன்று வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வழக்கம் ஒருத்திக்கு ஒரு மாதிரி இருக்க முடியாது.

நீ சொன்ன யோசனை சரியானது. அவன் மட்டும் வரட்டும். அசோக்கின் அம்மா நல்ல மனுஷிதான். ஆனால் கேள்வி கேட்பதில் போலீஸ்காரி. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், ஏன் எப்படி என்று கோயிலில் வைத்து ஆரம்பித்தால் உனக்கும் கஷ்டம், எனக்கும் தலைகுனிவு. நீ பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டாய் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

அரசாங்கமே வெள்ளிக்கிழமைக்கும் லீவு விட்டுவிட்டது. வீடு வெள்ளையடித்தாகிவிட்டது. அவனை எட்டரைக்குக் கோயிலில் இருக்கச் சொல். கடுக்கனும் பையனுக்குப் பட்டுச் சட்டையும் மாமன் வீட்டுச் சீர். தரமாக எடு. பெங்களூர்க்காரர்கள் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள்.

சம்பூர்ணம்


பெரம்பலூர்
11.1.2025

மரியாதைக்குரிய அத்தைக்கு,

சளி விட்டதா? எனக்கு இப்போதிருந்தே உடம்பு சரியில்லை என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது.

வருகிறார். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. "அத்தை நம் இருவரையும்தான் எதிர்பார்ப்பார்கள், எனக்குத்தான் முடியவில்லை" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கடைக்கு வந்தார். கடுக்கனை அவரே தேர்ந்தெடுத்தார். பையனின் காது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

ஏழு தட்டு வைத்திருக்கிறேன். ஏழையும் தனியாளாக எப்படித் தூக்கிக்கொண்டு வருவது என்று கேட்டார். வரிசைத் தட்டை ஆண்பிள்ளை தூக்கி வருவது நம்மில் இல்லைதானே. கோயில் வாசலிலேயே நம் வீட்டுப் பெண்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து யாரையாவது வாசலில் நிற்க வையுங்கள் அத்தை.

பொங்கல் நன்றாகப் பொங்கட்டும்.

பரிமளா


அரியலூர்
24.1.2025

பரிமளாவுக்கு,

உன் உடம்பு இப்போது சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம்தான். ஆறு நாள் கூட்டத்துக்குப் பிறகு காதுக்குள் ஓர் இரைச்சல் மட்டும் பாக்கி நிற்கிறது.

வீடு கொள்ளாத ஜனம். போகியன்று சாயங்காலமே இரண்டு வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். துண்டு மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒவ்வொரு நிறத்தில் நூல் தைத்து வைத்திருந்தேன். அசோக்கின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஆஸ்டல் வார்டன் தோத்தாங்க" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மொத்தம் இருபத்து நான்கு துண்டு தைத்தேன். ஒன்று மடிப்புக் கலையாமல் அலமாரிக்குத் திரும்பியது. குளியலறைகள் இரண்டுதான். சம்பந்தி பேப்பரோடு உள்ளே போனால் விளையாட்டுப் பக்கம் முடிந்துதான் வெளியே வருவார். பிள்ளைகள் கதவைத் தட்டித் தட்டிப் பாட்டே கட்டிவிட்டார்கள்.

பொங்கலன்று வாசலில் அடுப்பு மூட்டியபோது கலியம்மாள் அண்ணி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வினோதினியைப் பிடித்துக்கொண்டார். "பெங்களூர்ல குக்கர்லதான் பொங்க வெப்பியாமே? அது பொங்குனத ஒனக்கு யாருடி சொல்லுவா, விசிலா?" என்றார். எண்பத்திரண்டு வயதில் பார்வைதான் மங்கியிருக்கிறது, வாய் மங்கவில்லை. வினோதினி சிரித்துச் சிரித்து அகப்பையைக் கீழே போட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எனக்கு நாளாகிவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று நம் தெருவில் மாடு இருப்பது ஒரே வீட்டில். எல்லாக் குழந்தைகளும் ஒரே மாட்டுக்கு ஊட்டியதில் அது மூன்றாவது இலைக்கு மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வியாழக்கிழமை கங்கைகொண்டசோழபுரம் போனார்கள். கோயிலைப் பார்த்ததைவிடப் படம் பிடித்ததுதான் அதிகம். வெள்ளிக்கிழமை கரைவெட்டி ஏரி. பறவைகளைவிட ஆட்கள் அதிகமாம். பன்னிரண்டு கட்டுச் செங்கரும்பு தின்று தீர்த்தார்கள். மாடிப்படியில் சக்கை கிடந்தது. நான் ஒரு சொல் சொல்லவில்லை. காலையில் எழுந்து கூட்டினேன்.

சனிக்கிழமை இரவு எல்லோரும் கூடத்தில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். உன் மாமா இருந்திருந்தால் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் தண்ணீர்ச் செம்பு இருக்கிறதா என்று பார்த்திருப்பார். நான் பார்த்தேன்.

காது குத்து நல்லபடியாக முடிந்தது. குறித்த நேரம் தவறவில்லை. சாப்பாட்டை எல்லோரும் மெச்சினார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீடு காலியாகிவிட்டது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

சம்பூர்ணம்


பெரம்பலூர்
30.1.2025

மரியாதைக்குரிய அத்தைக்கு,

இரைச்சல் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நாங்கள் நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், குக்கர் விஷயத்தை அவரிடமும் படித்துக் காட்டினேன். அவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

அவர் அன்று இரவு ஏழு மணிக்குத்தான் வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டேன். "நல்லா நடந்துச்சு. முதல் காது குத்தும்போது அழுதான். அப்புறம் எம் மடியிலேயே தூங்கிட்டான்" என்றார். எனக்கு அது போதும் அத்தை. இத்தனை வருஷத்தில் ஒரு குழந்தை அவர் மடியில் தூங்கியது என்று கேட்டதே இதுதான் முதல் தடவை. நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஒரே ஒரு படம் மட்டும் அனுப்புங்கள். அந்தக் குடும்பக் குரூப்பில் நாங்கள் இருவரும் இல்லை. வினோதினியிடம் கேட்க எனக்குக் கூச்சம். அவன் அவர் மடியில் இருக்கும் படம். சட்டமிட்டு வைக்க வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் மாடு முகம் திருப்பியதுவரை எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தட்டுகளை வாங்க யார் வாசலுக்கு வந்தார்கள்? கடுக்கன் சரியாக இருந்ததா?

பரிமளா


பெரம்பலூர்
20.2.2025

அத்தைக்கு,

உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. என் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் இல்லை. காரணம் இப்போது தெரிந்துவிட்டது.

நேற்றுக் காரை சர்வீஸுக்கு விடுவதற்காகப் பின்பக்கத்தைக் காலி செய்தேன். ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒரு துணிப்பை. அதில் பட்டுச் சட்டையும் கடுக்கன் டப்பாவும் இருந்தன. இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அன்று காலை ஆறரைக்குக் கிளம்பினார். பேரளி வரை போனவர் ஏழரைக்கு வீட்டு வாசலில் திரும்பி வந்து நின்றார். "பொடவைய மாத்து. நீயும் வா. நீ இல்லாம நான் மட்டும் போயி மாமன்னு உக்கார மாட்டேன்" என்றார். உடம்பு முடியவில்லை என்றேன். நம்பவில்லை. வேறு வழி தெரியாமல் உங்கள் ஜனவரி கடிதத்தை எடுத்துக் காட்டினேன். இதுதான் அத்தையின் விருப்பம், மீறி நான் வந்தால் உங்கள் தங்கைக்குத்தான் அவமானம் என்றேன். "அவன் மட்டும் வரட்டும்" என்று நீங்கள் எழுதிய இடத்தை அவர் விரலை வைத்துக்கொண்டு படித்தார். கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "புள்ள என்ன பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அப்போது மணி எட்டு.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமன் இடத்தில் கலைச்செல்வன் உட்கார்ந்திருந்தார். வாசலில் யாரும் இல்லை. இவர் தட்டுகளைப் படியில் இறக்கி வைத்துக் காத்திருந்தார். யாரும் திரும்பவில்லை. மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நேரே வீட்டுக்கு வந்தால் நான் கேட்பேன் என்று வாலிகண்டபுரம் போய்ச் சிவன் கோயில் பிரகாரத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார். பழத்தையும் இனிப்பையும் அங்கே வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

உங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. "நேரத்துக்கு ஆரமிச்சுட்டாங்க. அதுல தப்பில்ல. எங்கம்மா என்னப் பாக்கல பரிமளா. பாத்திருந்தா நிறுத்திருப்பாங்க" என்றார். இதை மூன்று முறை சொன்னார்.

அத்தை, வாசலில் ஒரு ஆளை நிறுத்தச் சொல்லித்தானே கேட்டேன்.

பரிமளா


அரியலூர்
3.3.2025

பரிமளா,

என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அது இருக்கிறபடி இருக்கிறது. உன்னுடையதைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் பத்து நாள் வைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வாசலில் நான் யாரையும் நிறுத்தவில்லை. மறக்கவில்லை. ஒரு பெண்ணை நிறுத்தினால், மாமன் பெண்டாட்டி எங்கே, நாம் ஏன் போய் வாங்க வேண்டும் என்று அவள் கேட்பாள். அதற்குச் சொல்லப் பதில் இல்லை. எட்டரைக்கு அவன் வந்துவிட்டால் கூட்டம் சேர்வதற்கு முன்னால் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஒன்பது பத்து வரை பார்த்தோம். வினோதினி நான்கு முறை போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. கலியம்மாள் அண்ணி எல்லோர் காதிலும் விழும்படி, "ஏண்டி சம்பூர்ணம், பெத்த மவன் வராம என்னடி மாமன் சீரு?" என்றார். சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். நான்தான் கலைச்செல்வனை உட்காரச் சொன்னேன். ஒன்பது இருபதுக்கு முதல் காது குத்தினார்கள்.

இனி நீ கேட்காத ஒன்று. நான் முன்னால் நிற்கக் கூடாதவள். அதனால் எல்லோருக்கும் பின்னால், கல் குதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். மற்றவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் என் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

அவனைப் பார்த்தேன்.

முகம் தெரிவதற்கு முன்பே நடை தெரிந்துவிட்டது. வண்டிக்கும் படிக்குமாக ஏழு முறை நடந்தான். ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து வைத்து, துணி விலகாமல் மூடினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்த பிள்ளை நிற்பது போல. அண்ணி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மசமசவென்று ஏதோ தெரிந்திருக்கிறது. "யாருடி அது வாசல்ல?" என்றார்.

நான், "யாருமில்ல அண்ணி. சாமான் கொண்டாந்த ஆளு" என்றேன்.

அப்போது இரண்டாவது காது பாக்கி இருந்தது. பத்தர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கையை உயர்த்தியிருந்தால் நிறுத்தியிருப்பார். பிள்ளையை மடி மாற்றி உட்கார வைத்து இன்னொரு காதைக் குத்தியிருக்கலாம். நேரம் போய்விட்டதா என்று பார்த்தேன். ஒன்பது இருபத்தாறு. நான்கு நிமிஷம் மீதி இருந்தது.

கூப்பிட்டால் சம்பந்தி வீட்டார் பதினோரு பேரும் திரும்புவார்கள். மாமன் வீட்டு வரிசையை ஆண்பிள்ளை தனியாகச் சுமந்து வந்து வாசலில் பரப்பி வைத்திருப்பதைப் பார்ப்பார்கள். அவனைத் தனியாக வரச் சொன்னவள் நான். அந்த நான்கு நிமிஷமும் என் வாய் திறக்கவில்லை. பிள்ளை இரண்டாவது முறை அழுத சத்தத்துக்குத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது படியில் ஒன்றும் இல்லை.

வினோதினிக்குத் தெரிந்தது, அண்ணன் வரவே இல்லை என்பதுதான். "இனிமே எனக்குக் கலைச்செல்வன்தாம்மா அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் திருத்தவில்லை.

இதை ராஜராஜனிடம் காட்டிவிடு. நானே நேரில் சொல்ல வேண்டியது. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. எனக்கு மன்னிப்புக் கேட்கப் பழக்கமில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும். எழுதிவிட்டேன்.

சம்பூர்ணம்


பெரம்பலூர்
9.3.2025

அத்தைக்கு,

வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது அவர் ஆபீஸில் இருந்தார். படித்து முடித்ததும் அடுப்பில் வைத்துவிட்டேன். அவரிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

மாமன் என்ற இடம் போனது போனதுதான். அந்தப் பிள்ளைக்கு இனி வேறு மாமன். எங்களுக்கும் மடியில் வைத்துக்கொள்ள ஒன்றும் வரப்போவதில்லை. இதையெல்லாம் அவர் எப்படியோ தாங்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்வருகிறார். எதை வைத்துத் தாங்குகிறார் என்று எனக்குத் தெரியும். அம்மா பார்க்கவில்லை என்பதை வைத்துத்தான். ராத்திரி சாப்பிடும்போதுகூட, "அம்மா பின்னாடிதான் நின்னுருப்பாங்க, கூட்டத்துல எங்க தெரியும்" என்று தானாகவே சொல்லிக்கொள்கிறார். நான் ஆமாம் என்கிறேன். உங்களுக்காக நான் சொல்லும் பொய் அது ஒன்றுதான். தினமும் சொல்கிறேன்.

உண்மையை எழுதியதில் உங்களுக்குப் பாரம் இறங்கியிருக்கும். அதை அவர் தலையில் ஏற்ற நான் விடமாட்டேன். அவருக்கு நீங்களே எழுதுங்கள். பார்க்கவில்லை என்று எழுதுங்கள். வினோதினியிடம், அண்ணன் வந்தார், தாமதமாகிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். இவ்வளவுதான் நான் உங்களிடம் கேட்பது.

இனி நான் எழுத மாட்டேன். எழுத ஒன்றும் இல்லை.

பரிமளா


அரியலூர்
14.3.2025

அன்பு மகன் ராஜராஜனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கை குடும்பமும் நலம். வெயிலில் வெளி வேலைக்குப் போகும்போது தலையில் ஏதாவது கட்டிக்கொள்.

காது குத்தன்று நீ கோயில் வாசல்வரை வந்து திரும்பினாய் என்பது பரிமளா எழுதித்தான் எனக்குத் தெரிந்தது. வினோதினிக்கு நேற்றுப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு வைத்துவிட்டாள். போகப் போகச் சரியாகும்.

எனக்குக் கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. பத்தடிக்கு அப்பால் ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரிவதில்லை. அன்று நான் பின்னால் நின்றிருந்தேன். கூட்டம் வேறு. வாசல் பக்கம் நான் திரும்பவே இல்லை.

உன்னை நான் பார்க்கவில்லை, ராஜா. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

உன் அம்மா,
சம்பூர்ணம் அய்யம்பெருமாள்